பஞ்சி யாருக்கு?

"அங்கொடையில கொண்டுபோய்ப் போடோணும்", "இது மந்திகைக் கேஸ்" எண்டு வகுப்பிலயும் வட்ஸ்அப் குறூப்பிலயும் பகிடி விட்டுக்கொண்டு திரியிறம். அந்தப் பூட்டின கதவுக்கு உள்ளே இருக்கிற ஒருவர் ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் நடக்கிறார் எண்டு கேட்டால் ஒருத்தரிட்டயும் பதில் இல்லை. கட்டிலில் இருந்து சாப்பாட்டு மேசை. மேசையில் இருந்து திரும்பக் கட்டில்.

கேட்டால் வாற முதல் பதில், "அவையளுக்குப் பஞ்சி, எழும்ப மாட்டினம்."

இந்தப் 'பஞ்சி'யைக் கொஞ்சம் உடைச்சுப் பாப்பம். மனச்சிதைவு நோயில் குரல் கேட்பது மட்டும்தான் அறிகுறி எண்டு நினைக்கிறம். எதிலும் நாட்டமில்லாமல் போவதும் அதே நோயின் அறிகுறிதான். அதுக்கு மேல் மருந்து. ஒலன்சபின், குளோசபின் போன்றவை பலருக்கு நித்திரையைக் கூட்டும், பசியைக் கூட்டும், நிறையைக் கூட்டும். பிறகு சலரோகம், கொலஸ்ட்ரோல். மருந்து தேவையில்லை எண்டு நான் சொல்லவில்லை; அது பலரைக் காப்பாற்றுகிறது. ஆனால் நிறை கூடும் எண்டு தெரிந்தே மருந்தைக் கொடுத்து, கதவையும் பூட்டிவிட்டு, உள்ளே இருப்பவரைப் பஞ்சி எண்டு சொல்வது என்ன நியாயம்? கடும் மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 வருடம் முன்னதாகவே இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரும்பாலான சாவுகளுக்குக் காரணம் உடல் நோய்கள், அதுவும் தடுக்கக்கூடியவை.

கைதிகளின் கதை இன்னும் சங்கடமானது. 2015இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகளின் 23ஆம் விதி, வெளியில் வேலை செய்யாத ஒவ்வொரு கைதிக்கும், காலநிலை இடம் கொடுத்தால், தினமும் ஒரு மணித்தியாலமாவது திறந்த வெளியில் உடற்பயிற்சி வேண்டும் என்கிறது. அந்த விதி எத்தனை சிறையில் நடக்குது என்பது வேற கதை. ஆனால் கேட்பதற்கு ஒரு அளவுகோலாவது இருக்கு. நோயின் பிடியில்தான் குற்றம் செய்தார் எண்டு நீதிமன்றமே ஏற்று வைத்தியசாலைக்கு அனுப்பினவருக்கு அந்த ஒரு மணித்தியாலத்தை யார் கேட்பது? 1873இல் பிரித்தானியர் கொண்டுவந்த மனநோய்க் கட்டளைச் சட்டத்தின் கவனம் பெரும்பாலும் யாரை எப்படிப் பிடித்து வைப்பது என்பதில்தான். அந்தப் புத்தி எங்களை விட்டு இன்னும் போகவில்லை. (ஃபூக்கோவை மேற்கோள் காட்டி அசைன்மென்ட் எழுதுற கலைப்பீடத்து ஆக்களையும் சேர்த்துத்தான் சொல்லுறன்.)

"வெளியில விட்டால் ஓடிடுவினம். ஆளணி காணாது." ஆளணி காணாது என்பது உண்மை. ஒரு தாதி முழு வாட்டையும் பார்த்துக்கொண்டு ஆக்களை நடக்கக் கூட்டிக்கொண்டு போக ஏலாது. அப்ப குறை ஆளணியில். அதுக்குரிய விலையை ஏன் நோயாளி தன் இருதயத்தால் கட்டவேண்டும்? ஓடிவிடுவார் எண்டு பயந்தால், மதிலுக்கு உள்ளேயே நடக்கலாமே. மட்டை கொடுக்கப் பயமா? கிளித்தட்டுக்கு மட்டையும் வேண்டாம் பந்தும் வேண்டாம், நிலத்தில் கோடு போட்டால் போதும்.

இன்னொன்று. வாட்டைக் கூட்டுவது, சாப்பாட்டு வாளி தூக்குவது எல்லாம் உடற்பயிற்சிக் கணக்கில் வராது. அது சம்பளமில்லாத வேலை. விசிலடித்து வரிசையில் நிற்பாட்டி கை தூக்க வைப்பதும் நான் கேட்பதில்லை. ஒருவருக்கு நடக்கப் பிடிக்கும், இன்னொருவருக்குப் பாட்டுப் போட்டு ஆடப் பிடிக்கும், வேறொருவருக்குத் தோட்டம் கொத்தப் பிடிக்கும். பூட்டின வாட்டில் உடுப்பில் இருந்து நித்திரை கொள்ளும் நேரம் வரை எல்லாத்தையும் வேற ஆக்கள்தான் தீர்மானிக்கினம். இதையாவது அவரிட்டக் கேளுங்கோ. இண்டைக்கு மாட்டன் எண்டால் நாளைக்கும் கேளுங்கோ.

பெட் ஹெட் டிக்கெட்டில் காய்ச்சல் எழுதுறம், பிரஷர் எழுதுறம், குடுத்த குளிசையை எழுதுறம். அதிலேயே ஒரு வரி கூட்டுங்கோ: இவர் இண்டைக்கு வெளியில் நிண்டது எத்தனை நிமிசம்? பூச்சியம் எண்டால் பூச்சியம் எண்டே எழுதுங்கோ, கீழே ஒரு கையெழுத்தோட.