டாக்டர் சீட்டும் வேதமா?

வேதத்தைக் கேள்வி கேட்காதே, சாஸ்திரத்தைக் கேள்வி கேட்காதே, குருவைக் கேள்வி கேட்காதே என்று சொல்லிச் சொல்லியே நம் மக்களை மடையர்களாக்கி வைத்த கதையை நாம் எத்தனையோ தடவை எடுத்துக் காட்டியிருக்கிறோம். இப்போது அந்த வரிசையில் டாக்டர் சீட்டையும் சேர்த்து விட்டார்கள்.

சென்ற வாரம் ஒரு தோழர் நம்மிடம் வந்தார். இ.சி.ஜி. எடுத்ததில் இருதயத்தில் ஏதோ கோளாறு என்றார்களாம். மூன்று வகை மாத்திரையும், "தினம் நட" என்ற உத்தரவும் கிடைத்தன. மாத்திரை எதற்கு, எவ்வளவு தூரம் நடப்பது என்று கேட்டதற்கு, "நீர் டாக்டரா, நான் டாக்டரா?" என்பதே பதிலாம். வீட்டுக்கு வந்தால் மாமனார், "எட்டில் சனி, பரிகாரம் செய்" என்கிறார். பக்கத்து வீட்டுக்காரரோ, "இங்கிலீஷ் மருந்து சூடு, லேகியம் சாப்பிடும்" என்கிறார். தோழர் வெறுத்துப்போய், "பகுத்தறிவுக்காரன் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கலாமா? மாத்திரையை எறிந்துவிடப் போகிறேன்" என்றார்.

கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவது எவ்வளவு மூடத்தனமோ, கண்ணை மூடிக்கொண்டு எறிவதும் அவ்வளவு மூடத்தனந்தான் என்று அவருக்குச் சொன்னோம். அதையே வாசகர்களுக்கும் சொல்லுகிறோம்.

டாக்டர்கள் தவறுவதுண்டா என்றால், உண்டு. மாரடைப்பு கண்டு பிழைத்த சிலருக்கு இ.சி.ஜி.யில் அதிகப்படித் துடிப்புகள் தெரியும். அப்படித் தெரிந்தவர்கள் திடீரென்று சாவதும் அதிகம். ஆகவே துடிப்பை அடக்கினால் சாவும் குறையும் என்று நினைத்து, என்கேனைட், ஃபிளெகேனைட் என்ற மாத்திரைகளைக் கொடுத்து வந்தார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அமெரிக்கா முதலிய தேசங்களில் இதைச் சோதித்துப் பார்த்து, 1991-ல் கணக்கை வெளியிட்டார்கள். சராசரி 10 மாதத்தில், மருந்து சாப்பிட்ட 755 பேரில் 63 பேர் செத்தார்கள். மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்ட 743 பேரில் செத்தவர்கள் 26 பேர்தான்! சோதனைத் தாள் அழகாயிற்று, மனிதன் செத்தான்.

நிற்க. இந்தத் தவறைக் கண்டுபிடித்தது யார்? ஜோசியனா? லேகியக்காரனா? தங்கள் நம்பிக்கையைத் தாங்களே சந்தேகித்த டாக்டர்கள் அல்லவா? அந்தக் கணக்கும் அந்த மாத்திரைகளைப் பற்றியதே ஒழிய, எல்லா இருதய மருந்தையும் பற்றியதல்ல.

தேகப்பயிற்சியின் கதையும் இதுதான். ஒரு காலத்தில் மாரடைப்பு வந்தவன் வாரக்கணக்கில் படுக்கையைவிட்டு அசையக்கூடாது என்பது வைத்திய விதி. 1952-ல் பாஸ்டன் நகர டாக்டர்கள் லெவின், லவுன் என்பவர்கள் நோயாளிகளைச் சீக்கிரமே நாற்காலியில் உட்கார வைத்த அனுபவத்தை எழுதினார்கள். இன்று "எழுந்து நட" என்பதே விதியாகிவிட்டது. எந்தச் சாஸ்திரி தன் சுலோகத்தை இப்படி மாற்றிக்கொண்டான்?

ராசிக்காரர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. 1988-ல் வெளியான ஒரு பெரும் சோதனையில், மாரடைப்பு என்று சந்தேகித்து ஆஸ்பத்திரியில் சேர்த்த 17,187 பேரைக் கணக்கெடுத்தார்கள். ஐந்து வாரத்தில் இருதய, இரத்தக்குழாய் நோயால் செத்தவர்கள், ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 9.4, சாப்பிடாதவர்களில் 11.8. ஆளை வகைவகையாகப் பிரித்தும் கணக்குக் காட்டுங்கள் என்று வற்புறுத்தப்பட்டபோது, அவர்கள் பிறந்த தேதியைக்கொண்டு மேல்நாட்டு முறையில் ராசிவாரியாகவும் பிரித்துக் காட்டினார்கள். மிதுனத்துக்கும் துலாத்துக்கும் ஆஸ்பிரின் பயன்படாததுபோல் வந்தது! கணக்கைத் துண்டு துண்டாக நறுக்கினால் இப்படிப்பட்ட கேலிக்கூத்தும் வரும் என்று காட்டவே அதை அச்சிட்டார்கள்.

ஆகவே தோழர்களே, கேளுங்கள். என் சோதனையில் கண்ட கோளாறு என்ன? அது மெய்தானா என்று பார்க்க இன்னொரு சோதனை வேண்டுமா? இந்த மாத்திரை தாளைத் திருத்துமா, ஆயுளைக் கூட்டுமா? என்னைப் போன்ற நூறு பேர் சாப்பிட்டால் எத்தனை பேருக்கு நன்மை, எத்தனை பேருக்குத் தீமை? எவ்வளவு வேகமாக நடக்கலாம்? எந்த அறிகுறி கண்டால் நின்றுவிட வேண்டும்? இவற்றைக் கேட்பது அதிகப்பிரசங்கமல்ல. உயிருக்குச் சொந்தக்காரனின் உரிமை. பதில் சொல்லாமல் கோபிக்கிற டாக்டர், படித்த படிப்பை மறந்து புரோகிதராகிவிட்டார் என்றே சொல்லுவோம். அவரை விட்டு இன்னொருவரிடம் போங்கள்.

ஆனால் கேட்டவன் பதிலைக் காது கொடுத்துக் கேட்கவும் கடமைப்பட்டவன். பதில் வருமுன் மாத்திரையை நிறுத்தாதீர்கள். சில இருதய மருந்துகளைத் திடீரென்று நிறுத்துவதே ஆபத்து. நடக்கும்போது நெஞ்சு வலித்தால் வாதம் பேசிக்கொண்டு நிற்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கணக்கைக் காட்டினால் ஒப்புக்கொள்ளுவதும் பகுத்தறிவுதான். மறுப்பது மட்டுமே பகுத்தறிவு என்று எண்ணுகிறவன் மற்றொரு மதம் கட்டுகிறான்.

நம் தோழர் மாத்திரையை எறியவில்லை. கேள்விகளை ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வேறொரு டாக்டரிடம் போயிருக்கிறார். பரிகாரத்துக்கு வைத்திருந்த பணம் அந்த டாக்டர் பீசுக்கு ஆயிற்று.