காகித வளையம் காப்பாற்றுமா?

2017 நவம்பர் 30-ஆம் நாளை நாஞ்சில் நாடு மறக்காது. ஒக்கிப் புயலில் குமரி மாவட்டத்தின் மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. விளக்கு அணைந்தது; தொலைபேசி ஊமையானது. கடலுக்குப் போனவர் கதி தெரியாமல் கரையில் தாய்மார் கதறினர்.

அதே மாவட்டத்தின் முத்தலக்குறிச்சி ஊராட்சியில்தான், தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை வழியே இணையம் தரும் பணி 2022 ஜூன் 9 அன்று தொடங்கிற்று. வரவேற்கிறோம். ஆனால், அந்த இழையின் பெரும்பகுதிக்கு வழி எது? மின்கம்பம்! புயலில் சாய்ந்தது எது? அதே மின்கம்பம்!

இதற்குப் பரிகாரம் 'வளையம்' என்கிறது திருத்திய பாரத்நெட் திட்டம். நாடு முழுமைக்கும் 1,39,579 கோடி ரூபாய்க்கு 2023-இல் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்த திட்டம் அது. ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கம் வழியே செய்தி போகும். நல்லதுதான். ஆனால் வளையத்தின் இரு பக்கமும் ஓரிடத்தில் ஒரே கம்ப வரிசையில் தொங்கினால்? காகிதத்தில் வளையம், காற்றடித்தால் அறுந்த கயிறு!

இழையின் வரைபடம் ஓர் அலுவலகத்தில், கம்பக் கணக்கு மின்வாரியத்தில், ஒப்பந்தம் வேறோர் அலமாரியில் என்றிருந்தால் இந்தப் பிழை யார் கண்ணுக்கும் படாது. இதைத் தடுக்கவே 'மாதிரி வழி அமைப்புப் பொறியியல்' என்றொரு முறை உண்டு. தேவை, இழை, கம்பம், மின்சாரம், சோதனை அனைத்தும் கணினியில் ஒரே மாதிரியாகப் பிணைக்கப்படும். அதில் ஒரு கம்பத்தைச் சாய்த்தால், எந்த ஊராட்சி, எந்த மருத்துவமனை, எந்த மீன்பிடித் துறை துண்டாகும் என்பது வேலை தொடங்குமுன்பே தெரியும். 2024-இல் வியாழனை நோக்கி அமெரிக்கா அனுப்பிய யூரோப்பா கிளிப்பர் விண்கலத்தின் வடிவமைப்பிலும் இம்முறை கையாளப்பட்டது. விண்ணுக்குச் செய்ததை மண்ணுக்குச் செய்யலாகாதா?

நமக்கு இது அந்நியமும் அன்று. பேச்சிப்பாறை அணை திறக்கும்போதே கடைவரம்பு வரை கணக்குப் போடுபவர் நாஞ்சில் உழவர்.

ஆனால் கணினி தானாக எதையும் அறியாது. எந்தக் கம்பத்தின் அடி அரித்திருக்கிறது என்பது கம்பம் ஏறும் தொழிலாளிக்குத்தான் தெரியும். அவர் சொல் ஏறாத மாதிரி வெறும் பொம்மை!

ஆகவே கேட்கிறோம்: அந்த மாதிரி ஒப்பந்தக்காரர் பெட்டிக்குள் முடங்காமல் மக்கள் சொத்தாக வேண்டும். கம்பம் ஏறுவோரின் சாட்சியம் அதில் ஏறவேண்டும். சோதனையில் தேறாத வேலைக்குப் பணம் கூடாது.

தோழர்களே! அடுத்த கிராமசபையில் எழுந்து கேளுங்கள்: "எங்கள் ஊருக்கு வரும் இரண்டு வழிகள் எவை? இரண்டும் ஒரே கம்பத்திலா?" விடை வரும்வரை கேளுங்கள். புயல் நமக்காகக் காத்திருக்காது!