புது பைக், முதல் ரேஸ்: கடைசி இடம் ஏன் தோல்வி அல்ல?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ரேஸ் முடிந்து பைக்கை வேனில் ஏற்றிக் கயிறு கட்டும்போதே செல்போன் அடிக்கும்.

"எத்தனாவது வந்தே?"

"இருபது பேர்ல பதினெட்டு."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. பிறகு வரும் அந்தக் கேள்வி: "இவ்ளோ காசு போட்டு புது பைக் வாங்கினியே, பழைய பைக்லயே ஆறாவது வந்தியேடா?"

திங்கள் முதல் வெள்ளி வரை வேலை, வார இறுதியில் ரேஸ் என்று ஓடும் அமெச்சூர் வீரர்களுக்கு இப்படிப்பட்ட பேச்சு புதிதல்ல. கேட்பவர்கள் அக்கறையில்தான் கேட்கிறார்கள். ஆனால், கேள்வியே தப்பு. புது பைக்கில் ஓட்டும் முதல் ரேஸில் எந்த இடத்தில் வந்தார் என்பது அவருடைய திறமையைப் பற்றி அநேகமாக எதையும் சொல்வதில்லை. அந்த இடத்தைத் துரத்தப் போனால்தான் ஆபத்தே ஆரம்பிக்கிறது.

எங்கே நடக்கிறது?

இந்திய பைக் ரேஸில் சென்னைக்குத் தனி இடம் உண்டு. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் பல ஆண்டுகள் ரேஸ் நடந்தது. பிறகு 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தர டிராக் வந்தது. அதன் முழுச் சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர். வளைவுகளுக்குப் பெயர் கிடையாது. சி1, சி2 என்று எண் வைத்தே கூப்பிடுவார்கள். கோவையில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. தேசிய அளவிலான போட்டியில் இறங்க வேண்டுமென்றால், எஃப்.எம்.எஸ்.சி.ஐ. எனப்படும் இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பின் உரிமம் வேண்டும்.

பெரும்பாலும் வெள்ளியன்று பயிற்சி, சனியன்று தகுதிச் சுற்று, அதன் பிறகு ரேஸ். இந்த மூன்று நாளுக்குள்தான் எல்லாமே.

புது பைக் வேகமானதுதானே, பிறகு ஏன் பின்னால்?

ஒருவர் 155 சிசி யமஹா ஆர்15-லிருந்து 373 சிசி கேடிஎம் ஆர்சி 390-க்கு மாறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சக்தி சுமார் 18 குதிரைத்திறனிலிருந்து 43-க்குத் தாவுகிறது. எடையும் சுமார் 30 கிலோ கூடுகிறது. "அப்போ சும்மா பறக்கும்ல?" என்று தோன்றும். நேர்ப்பாதையில் பறக்கும்தான். பிரச்சினை நேர்ப்பாதை முடியும் இடத்தில் இருக்கிறது.

பழைய பைக்கில் 120 கி.மீ. வேகத்தில் வந்து, வளைவுக்காக 60-க்கு இறக்க 50 மீட்டர் தேவைப்பட்டது என்று கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். புது பைக்கில் அதே வளைவுக்கு 150-ல் வருகிறார். பிரேக்கின் பிடி அதேதான் என்றால், இப்போது தேவைப்படும் தூரம் சுமார் 88 மீட்டர். வேகம் கூடியது கால் பங்கு, பிரேக் போடும் தூரம் கூடியது முக்கால் பங்கு. இதில் அரை விநாடி யோசித்தால் என்ன ஆகும்? 120-ல் அந்த அரை விநாடிக்குள் 17 மீட்டர் போயிருக்கும். 150-ல் 21 மீட்டர். வித்தியாசம் ஒரு காரின் நீளம். டிராக்கில் தார் முடிந்து மண் தொடங்க அதுவே போதும்.

ஒவ்வொரு வளைவுக்கும் வீரர் ஓர் அடையாளம் வைத்திருப்பார். ஒரு பலகை, தார் ஒட்டு, கெர்பில் பெயின்ட் மாறும் இடம். 'இங்கே வந்ததும் பிரேக்' என்று கண்ணும் கையும் சேர்ந்து பழகியிருக்கும். புது பைக் வந்ததும் அந்த அடையாளங்கள் அத்தனையும் செல்லாக்காசு. எல்லாவற்றையும் முதலிலிருந்து தேட வேண்டும்.

வளைவுக்குள் போகும் பாதையும் மாறும். சின்ன இன்ஜின் பைக்கில் ஒருமுறை வேகம் குறைந்தால் மீட்க நேரமாகும். அதனால் வேகத்தை விடாமல் அகலமாக, வட்டமாக வளைப்பார்கள். பெரிய இன்ஜினில் ஆழமாகப் போய் பிரேக் போட்டு, சீக்கிரம் திருப்பி, பைக்கை நிமிர்த்திவிட்டு முறுக்கலாம். பழைய பாதையிலேயே போனால் சாய்ந்த நிலையில் அதிக சக்தி பின்சக்கரத்துக்குப் போகும். அதுவே வழுக்கலுக்குக் காரணமாகிவிடும். பழைய பைக்கில் எவ்வளவு நன்றாக ஓட்டினாரோ, அவ்வளவுக்கு மறக்க வேண்டியதும் அதிகம்.

மூன்று நாளில் என்னதான் நடக்கிறது?

முதலில் பரிசோதனை. கண்ணாடி, இண்டிகேட்டர், ஸ்டாண்ட் எல்லாம் கழற்றியிருக்க வேண்டும். ஆயில் வடிக்கும் போல்ட்டைத் துளைத்துக் கம்பி கட்டியிருக்க வேண்டும். அது கழன்று ஆயில் கொட்டினால் பின்னால் வருபவர்கள் அத்தனை பேரும் விழுவார்கள். ரேடியேட்டரில் கூலன்ட் கூடாது, வெறும் தண்ணீர்தான். காரணம் அதேதான்: கூலன்ட் தார் மேல் சிந்தினால் வழுக்கும். ஹெல்மெட், லெதர் சூட், கையுறை, பூட்ஸ் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். ஷோரூமிலிருந்து வந்த பைக்கை இந்த நிலைக்குக் கொண்டுவருவதற்குள்ளேயே பலருக்கு ஒரு வாரத் தூக்கம் போயிருக்கும்.

அடுத்தது சஸ்பென்ஷன். ஓட்டுபவர் ஏறி உட்கார்ந்ததும் ஸ்பிரிங் எவ்வளவு அமுங்குகிறது என்று அளப்பார்கள். 30 முதல் 35 மில்லிமீட்டர் வரை என்பது பொதுவாகத் தொடங்கும் அளவு. கம்பெனி செட்டிங், சாலையில் குண்டும் குழியும் தாண்டிப் போகிறவருக்காகச் செய்தது. டிராக்கில் பலமாக பிரேக் போட்டால் முன்பக்கம் குப்புற அமுங்கும். அதைச் சரிசெய்து, ஓட்டிப் பார்த்து, திரும்ப வந்து திருகி, மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். டயரில் எவ்வளவு காற்று, பின்னால் எத்தனை பல் ஸ்ப்ராக்கெட் என்பதற்கும் இதே கதை.

இதற்கெல்லாம் நேரம் எவ்வளவு? ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிடம் என்றால், 15 நிமிடப் பயிற்சியில் ஏழெட்டு லேப்கூடத் தேறாது. அதில் முதல் லேப் டயர் சூடாவதற்குப் போய்விடும். எல்லாம் சேர்த்துப் பார்த்தால், பைக்கைப் புரிந்துகொள்ள அவருக்குக் கிடைப்பது ஒரு சினிமா பார்க்கும் நேரத்தைவிடக் குறைவு. அதே பைக்கை இரண்டு மூன்று சீசனாக ஓட்டுபவர்கள்தான் பக்கத்து கிரிட்டில் நிற்கிறார்கள்.

இதில் கியர் குழப்பம் வேறு. ரேஸ் பைக்குகளில் பலர் கியரைத் தலைகீழாக மாற்றி வைப்பார்கள்: முதல் கியருக்கு மேலே, மற்றவற்றுக்குக் கீழே மிதிக்க வேண்டும். பழைய பைக் ஒருவிதம், புது பைக் இன்னொரு விதம் என்றால், பதற்றத்தில் கால் பழைய பழக்கத்துக்கே போகும். கூட்ட நினைத்த இடத்தில் கியர் குறைந்தால் பின்சக்கரம் ஒரு நொடி பூட்டிக்கொள்ளும். "பைக்கை மாத்துற வாரத்துல வேற எதையும் மாத்தாதே" என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான்.

உலக சாம்பியனுக்கே இதுதான் கதி

மோட்டோஜிபி பட்டத்தை மூன்று முறை வென்ற ஹோர்ஹே லொரென்சோ, 2017-ல் யமஹாவிலிருந்து டுகாட்டிக்கு மாறினார். முதல் ரேஸ் கத்தாரில். அவர் வந்தது 11-வது இடம். டுகாட்டியில் முதல் வெற்றி கிடைக்க 2018 ஜூன் மாதம், இத்தாலியின் முஜெல்லோ வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வாலன்டினோ ரோஸி 2011, 2012 ஆகிய இரண்டு ஆண்டுகள் டுகாட்டி ஓட்டினார். ஒரு ரேஸில்கூட ஜெயிக்கவில்லை. மார்க் மார்க்கெஸ் 2024-ல் டுகாட்டிக்கு வந்தபோதும், ஞாயிற்றுக்கிழமை ரேஸில் முதல் வெற்றி செப்டம்பர் 1-ல், அரகானில்தான் வந்தது. இவர்களுக்குப் பின்னால் பொறியாளர்கள், கணினித் தரவு, மாதக்கணக்கில் சோதனை ஓட்டம் எல்லாம் இருந்தன. வெள்ளி ராத்திரி வேலை முடிந்து வேன் பிடித்து வருகிறவருக்கு இருப்பது ஒரு மெக்கானிக் நண்பரும் ஒரு டூல் பாக்ஸும்.

"ரோஸி முதல் ரேஸிலேயே ஜெயிச்சாரே?"

நியாயமான கேள்வி. 2004-ல் ஹோண்டாவை விட்டு யமஹாவுக்கு வந்த ரோஸி, தென்னாப்பிரிக்காவின் வெல்கமில் நடந்த முதல் ரேஸிலேயே ஜெயித்தார். கேஸி ஸ்டோனரும் 2007-ல் டுகாட்டியில் தன் முதல் ரேஸை வென்றார். நடக்காததில்லை. ஆனால், ரோஸி ஜனவரி முதலே யமஹாவில் சோதனை ஓட்டம் ஓட்டியிருந்தார். ஹோண்டாவில் தன்னுடன் இருந்த தலைமை மெக்கானிக் ஜெரமி பர்ஜஸையும் கூடவே அழைத்து வந்திருந்தார். அந்த வெற்றி ஏப்ரல் 18 அன்று ஒரே நாளில் முளைத்ததல்ல. இருபது ஆண்டு கழித்தும் அதைப் பற்றிப் பேசுகிறோம் என்றால், அது அவ்வளவு அபூர்வம் என்றுதான் அர்த்தம்.

'ரேஸ் என்றாலே ஜெயிக்கத்தானே, கற்றுக்கொள்ள பயிற்சி நாள் இருக்கிறதே' என்றும் சிலர் கேட்கலாம். ஆனால், கிரிட்டிலிருந்து கிளம்புவது, முதல் வளைவில் பத்து பைக்குகளுக்கு நடுவே பிரேக் போடுவது, முன்னால் போகும் பைக்கின் காற்று மறைவில் ஓட்டுவது, பிரேக்கும் டயரும் சூடேறியபின் எப்படி மாறுகின்றன என்று உணர்வது, இதெல்லாம் ரேஸில் மட்டுமே கிடைக்கும் பாடம். முதல் லேப்பிலேயே விழுந்தவருக்கு அந்தப் பாடம் கிடைக்காது. பதினெட்டாவதாக வந்தவருக்குக் கிடைத்திருக்கிறது.

பணயம் என்ன?

முதலில் காசு. சாதாரண மோட்டார் இன்ஷூரன்ஸ் பாலிசியில் ரேஸுக்கு இடமில்லை. டிராக்கில் விழுந்து ஃபேரிங் உடைந்தாலும், ஃபோர்க் வளைந்தாலும் கைக்காசுதான். இ.எம்.ஐ. பாக்கி இருக்கும் பைக் என்றால், உடைந்த பைக்குக்கும் மாதாமாதம் தவணை கட்ட வேண்டும். தோள்பட்டை எலும்பு முறிந்தால் திங்கட்கிழமை வேலைக்கும் லீவுதான்.

காசைவிடப் பெரியதும் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் இருங்காட்டுக்கோட்டையில் நடந்த தேசிய சாம்பியன்ஷிப் போட்டியில் 13 வயது வீரர் ஒருவர் விழுந்து உயிரிழந்தார். அந்த வார இறுதியில் மிச்சமிருந்த போட்டிகள் ரத்து செய்யப்பட்டன. மைதானத்தில் ஆம்புலன்ஸ், டாக்டர், கொடி காட்டும் மார்ஷல்கள் எல்லாம் இருக்கிறார்கள். அப்படியும் இது உயிரோடு விளையாடும் விளையாட்டுதான். அதை மறந்துவிட்டு, பழக்கமில்லாத பைக்கில் 'இன்னும் ரெண்டு பேரை முந்திடு' என்று ஒருவரை உசுப்பேற்றுவது அன்பு ஆகாது.

பிறகு எதை எண்ணுவது?

இடத்தை எண்ண வேண்டாம். லேப் நேரத்தை எண்ணலாம். வெள்ளி காலை முதல் ஓட்டத்துக்கும் ஞாயிறு கடைசி லேப்புக்கும் எத்தனை விநாடி குறைந்தது? அடுத்தடுத்த லேப்புகளின் நேரம் ஒன்றுக்கொன்று எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது? ஒரு லேப் அபாரமாகவும் அடுத்தது நாலு விநாடி மெதுவாகவும் போனால், அந்த அபாரம் அதிர்ஷ்டம். எல்லா லேப்பும் ஒரே சீராக வந்தால், அவர் பைக்கைப் பிடித்துவிட்டார் என்று அர்த்தம். மஞ்சள் கொடி கண்ணில் பட்டதா? எல்லா லேப்பையும் ஓட்டி முடித்தாரா? அடுத்த ரேஸுக்கு எதை மாற்ற வேண்டும் என்று ஒரு நோட்டில் எழுத நாலு வரி இருக்கிறதா?

இவற்றுக்கு ஆமாம் என்று பதில் வந்தால், பதினெட்டாவது இடம் நல்ல இடம்தான். அடுத்த ரேஸில் அது பன்னிரண்டு ஆகலாம், ஆகாமலும் போகலாம். ஆனால் அடுத்த ரேஸ் என்று ஒன்று இருக்கும்.

ஆகவே, ஞாயிறு சாயங்காலம் போன் செய்கிறவர்கள் "எத்தனாவது வந்தே?" என்பதைக் கொஞ்சம் தள்ளிவைக்கலாம். முதலில் கேட்க வேண்டியது வேறு: "பைக் எப்படி இருக்கு? நீ எப்படி இருக்கே?"