கதிரை வாங்க முதல் வீட்டோட கதையுங்கோ

வீட்டிலிருந்து வேலை செய்யப்போறன், என்ன சாமான் வாங்க வேணும் என்று யாராவது கேட்டால், முதலில் ஒன்றும் வாங்காதேங்கோ என்றுதான் சொல்லுவன். யூரியூப்பில் 'ஹோம் ஒஃபிஸ் செற்றப்' என்று தேடினால் வெள்ளைச் சுவர், ஏறி இறங்குகிற மேசை, பக்கத்தில் குட்டிப் பூச்சாடி எல்லாம் வரும். அந்த வீடியோக்களில் பெரியம்மா வந்து எட்டிப் பார்க்கிறதில்லை. காஸ் முடிஞ்சு போச்சு என்று குசினிக்குள்ள இருந்து குரல் வாறதில்லை. எங்கட வீடுகளில் பிரச்சினை தொடங்குகிற இடமே அதுதான்.

எங்கட பட்ச்சில் இப்ப கனபேர் படித்துக்கொண்டே வீட்டிலிருந்து உழைக்கினம். மொழிபெயர்ப்பு, ஒன்லைன் ரியூசன், போஸ்டர் டிசைன், வெளிநாட்டுக் கம்பனிகளுக்குத் தரவு ஏற்றுகிற வேலை என்று ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொன்று. கொழும்பில் அறை எடுத்து, வாடகையும் சாப்பாடும் கட்டின பிறகு மிஞ்சுகிற காசோடு பார்த்தால் இது பரவாயில்லை. வேலைக்கென்று ஊரை விட்டுப் போக வீட்டில் சம்மதிக்காத பெண்பிள்ளைகளுக்கு, சிலவேளை இது ஒன்றுதான் கிடைக்கிற வழி.

ஆனால் வீட்டுக்குள் இருந்து செய்கிற வேலையை வீடு வேலையாகக் கணக்கெடுக்காது. அதுவும் எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை. அண்ணா லாப்டொப்போடு இருந்தால், "அவன் வேலையில நிக்கிறான், ரீவியைக் குறையுங்கோ." அதே மேசையில் தங்கச்சி இருந்தால், "பிள்ளை, சும்மாதானே இருக்கிறாய், உந்தப் பாலை ஒருக்காப் பார்." இரண்டு பேருக்கும் முன்னால் இருக்கிறது ஒரே மாதிரித் திரைதான்.

நேரமும் இதற்குத் தோதாக வந்து மாட்டுது. ரொறன்ரோவில் காலை 9 மணி என்றால் எங்களுக்குப் பின்னேரம் 6.30, அங்கே குளிர்காலம் என்றால் 7.30. விளக்கு வைக்கிற நேரம், புட்டு அவிக்கிற நேரம், தம்பிக்குப் பாடம் சொல்லிக் குடுக்கிற நேரம். அதே நேரத்தில்தான் மீற்றிங்கும்.

அதனால், வீட்டில் ஒரு வேலையிடம் அமைக்கிறது என்பது முதலில் வீட்டாரோடு செய்கிற ஒரு உடன்பாடு. எல்லாரையும் இருத்தி வைத்து மூன்று விசயம் கதைக்க வேணும். எந்த மூலை? எந்த மணித்தியாலங்கள்? அந்த மணித்தியாலங்களில் அந்த ஆள் வழக்கமாகச் செய்கிற வீட்டு வேலையை யார் செய்யிறது? மூன்றாவதைக் கதைக்காமல் விட்டால் முதல் இரண்டும் இரண்டு கிழமை தாங்காது. அந்த வேலை பேசாமல் அம்மாவின்ர தலையில் போய் விழும், பிறகு அம்மா களைச்சுப்போய்க் கத்தேக்க பிழை உங்களில் வரும். அப்பாவும் தம்பியும் தேங்காய் துருவப் பழகுகிறதும் இந்த ஒஃபிஸ் செற்றப்பில் ஒரு பகுதிதான். நேரத்தை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கோ. சிரிப்பினம், சிரிக்கட்டும்.

இதுக்குப் பிறகு சாமானுக்கு வருவம். நிறையச் செலவில்லை. எங்கட வீட்டுப் பிளாஸ்ரிக் கதிரை பதிவு, சாப்பாட்டு மேசை உயரம். இரண்டையும் சேர்த்து வைத்து ரைப் பண்ணினால் தோள் மேலே ஏறி, இரவில் கழுத்து நோகும். முழங்கை மேசை மட்டத்துக்கு வருகிற மாதிரிக் கதிரையில் குஷனோ மடித்த போர்வையோ போடுங்கோ. அப்ப கால் தொங்கினால் கீழே ஒரு பலகை வையுங்கோ. லாப்டொப்பின் சிக்கல் என்னவென்றால் திரையும் கீபோர்ட்டும் ஒட்டிப் பிறந்தவை. கைக்குச் சரியாக வைத்தால் கழுத்துக் குனியும், கண்ணுக்குச் சரியாக வைத்தால் கை தூக்கும். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரும்வரை பழைய ஏ.எல். புத்தகங்களை அடுக்கி, அதற்கு மேலே லாப்டொப்பை வைத்து, தனியாக ஒரு கீபோர்ட்டும் மௌஸும் வாங்குங்கோ. காசு செலவழிக்கிறதென்றால் முதலில் அதற்குச் செலவழியுங்கோ.

யன்னல் உங்களுக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும். முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் வெளிச்சம் அடிக்கும், மீற்றிங்கில் உங்கட முகமும் கறுப்பாகத்தான் தெரியும். பின்னேர வெயில் படுகிற மேற்குச் சுவரோடு மேசையைப் போடாதேங்கோ, சீற் போட்ட வீடென்றால் இன்னும் கவனம். 20 நிமிசத்துக்கு ஒருக்கால் 20 அடி தூரத்தில் இருக்கிற எதையாவது 20 செக்கன் பாருங்கோ. முற்றத்து மாமரம் போதும்.

கரண்ட் கதையும் இருக்கு. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு அறிவிச்ச நாடு இது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து முழு நாட்டையும் இருட்டாக்கினது என்று சொன்னார்கள். லாப்டொப்பில் பற்றறி இருக்கும், கரண்ட் போன உடனே நிக்கிறது றவுட்டர்தான். வீட்டு றவுட்டர்கள் பெரும்பாலும் 12 வோல்ற்றில் ஓடுகிறவை. அதற்கென்றே சின்ன யூ.பி.எஸ். விற்கினம், சில மணித்தியாலம் தாக்குப்பிடிக்கும்.

இதெல்லாவற்றுக்கும் யார் காசு கட்டுகிறது? 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் வேலைத்தலத்தின் வெளிச்சத்தையும் காற்றோட்டத்தையும் முதலாளியின் பொறுப்பாக வைத்தது. வேலை வீட்டுக்குள் வந்த உடனே அந்தப் பொறுப்பு கரண்ட் பில்லோடு சேர்ந்து அப்பாவிடம் வந்திட்டுது. கம்பனிக்கு வாடகை மிச்சம், கதிரை மிச்சம், ஃபேன் ஓடுகிற காசும் மிச்சம். வேலைக்குச் சேரேக்க டேற்றாக் காசும் கதிரையும் தருவியளோ என்று கேட்கிறதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தனியாக வேலை எடுத்துச் செய்கிறவர்கள் மாதக் கரண்ட் செலவையும் டேற்றாவையும் கணக்குப் போட்டு, அதைச் சேர்த்துத்தான் விலை சொல்ல வேணும்.

"இதெல்லாம் வீட்டில் இடம் இருக்கிறவைக்குத்தானே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஐந்து பேர் படுத்தெழும்புகிற 10 அடிக்கு 12 அடி லயக் காம்பராவில் எந்த மூலையை ஒதுக்குகிறது? அங்கே நான் சொன்ன உடன்பாடும் குஷனும் காணாது. 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களைப் பூட்டி எல்லாரையும் ஃபோனில் படிக்கச் சொன்ன நேரமே இதை நாங்கள் கண்டனாங்கள். அறை இருந்தவன் படிச்சான். சிக்னல் தேடிக் குன்றிலும் மரத்திலும் ஏறினவனும் இருந்தான். வீட்டில் இடமில்லாதவர்களுக்கு ஊர் இடம் தர வேணும். பிரதேச சபை நூலகங்கள் எங்களிடம் இருக்கு, பொதுநோக்கு மண்டபங்கள் இருக்கு. கனக்கக் கேட்கத் தேவையில்லை: ஒரு நீட்டு மேசை, நாலு பிளக், இணையம், இரவு 8 மணி வரைக்கும் திறந்த கதவு, பெண்பிள்ளைகள் பயமில்லாமல் வீடு போய்ச் சேர வீதியில் லைற். அடுத்த முறை வோட்டுக் கேட்டு வருகிறவரிடம் கேட்கக்கூடிய அளவுக்குச் சின்ன விசயம்தான்.

அதுவரைக்கும், வீட்டில் ஒரு மூலையாவது இருக்கிறவர்கள் இண்டைக்கு இரவுச் சாப்பாட்டோடு அந்த மூன்று கேள்வியையும் தொடங்குங்கோ. மூன்றாவதை விட்டிடாதேங்கோ. தங்கச்சி கேட்க முதல் அண்ணா கேட்டால் இன்னும் நல்லம்.