ஒத்தத் தட்டா, ரெட்டைத் தட்டா?

1) "எனக்கு வச்சது ஒத்தத் தட்டு வால்வாம். ரெட்டைத் தட்டுதானே பெஸ்ட்டு, டாக்டர்?" எம். புதுப்பட்டி பட்டாசுத் தொழிலாளி ஒருத்தர் கேட்டார்.

2) ரெட்டைத் தட்டுல ரத்தம் நடுவுல நேரா ஓடும். ஒத்தத் தட்டு சாய்ஞ்சு திறக்கும். ஒரு பக்கம் பெரிய வழி, மறுபக்கம் சின்ன வழி. ஒரே அளவு வால்வுன்னா பொதுவா ரெட்டைத் தட்டுல தடை கொஞ்சம் கம்மி. உண்மைதான்.

3) ஆனா திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ராவில் உருவாகி, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்திய சித்ரா வால்வும் ஒத்தத் தட்டுதான். விலை குறைவு; நம்மூர் ஏழைகளுக்கு எட்டியது அதுதான்.

4) எந்தத் தட்டிலும் ரத்தம் கட்டலாம். அதனால ஆயுசுக்கும் வார்ஃபரின் வகை மாத்திரை, தவறாம ஐ.என்.ஆர். டெஸ்ட். அதுக்கு ஒரு நாள் கூலியை விட்டுட்டு டவுனுக்கு அலையணும்னா எத்தனை பேர் வருவாங்க? பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே அந்த டெஸ்ட் வேணும்.

5) நீங்களா மாத்திரையை நிறுத்திடாதீங்க.