பாலத்தை மூடிவிட்டுப் பாலம் கட்டாதீர்கள்

"சேர்வர் பழசாப் போச்சு. இரவைக்கு இருந்து மேலாலயே அப்கிரேட் பண்ணிடுவம், விடிய முதல் முடிஞ்சிடும்." பாடசாலை, பள்ளிவாசல், விளையாட்டுக் கழகம், யாருடைய தளத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலும் இந்த வசனமும் வந்துவிடுகிறது. இதற்கு எதிராகத்தான் எழுதுகிறோம்.

குறிஞ்சாக்கேணிக்காரருக்கு இதை விளங்கப்படுத்தத் தூரத்து உதாரணம் தேவையில்லை. 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பெரிய பாலம் திறபடும் வரை 'பாதை' ஓடிக்கொண்டுதான் இருந்தது. குறிஞ்சாக்கேணியில் நடந்தது மறுவளம். புதுப் பாலம் கட்டுவதற்காகப் பழையதை மூடினார்கள், சனம் இழுவைப் படகில் ஏறியது. 2021 நவம்பர் 23 காலையில் அது கவிழ்ந்து, பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் இறந்தார்கள். தளம் விழுந்தால் உயிர் போகாது, இரண்டையும் ஒரே தராசில் வைக்க நாங்கள் வரவில்லை. ஆனால் புதிது எழும்ப முதல் பழையதில் கை வைக்கிற புத்தி ஒன்றுதான்.

ஓடுகிற சேர்வரின் மேலேயே பெரிய மாற்றம் செய்தால் திரும்பி வர வழியில்லை. மைஎஸ்க்யூஎல் 5.7 இலிருந்து 8.0 இற்குப் போன தரவுத்தளத்தை அப்படியே 5.7 இற்கு இறக்க ஏலாது. பிஎச்பி 8 இல் பழைய கட்டளைகள் சில இல்லவே இல்லை. யாரோ பத்து வருசத்துக்கு முதல் எழுதிக் கொடுத்த தளம் வெள்ளைத் திரையாக நிற்கும். அதுவும் இரவு ரெண்டு மணிக்கு, கரண்டும் போனால் கேட்கவே வேண்டாம்.

புதுச் சேர்வரைப் பக்கத்தில் எழுப்பினால் பதற்றமில்லை. தரவைப் பிரதியெடுத்து, உங்கள் கணினியில் மட்டும் புது முகவரியைக் காட்டி, ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்க்கலாம். டிஎன்எஸ் பதிவின் ஆயுளை முன்கூட்டியே ஐந்து நிமிடத்துக்குக் குறைத்து வையுங்கள். மாற்றுகிற நேரம் புதுப் பதிவுகளை நிறுத்தி, கடைசித் தரவையும் கொண்டுபோய், பிறகு திருப்பிவிடுங்கள். பிழைத்தால் பழைய முகவரிக்கே திரும்பலாம். பழையது ரெண்டு கிழமையாவது சும்மா இருக்கட்டும்.

மாதாமாதம் வரும் பாதுகாப்புத் திருத்தங்களை இருந்த இடத்திலேயே போடத்தான் வேண்டும், அதில் எங்களுக்குச் சண்டையில்லை. ஆனால் 2024 ஜூன் 30 உடன் ஆதரவு முடிந்த சென்ட்ஓஎஸ் 7 இல் இன்னும் ஓடுகிற தளத்துக்கு ஒட்டுப்போட்டுக்கொண்டு இருப்பது வேறு கதை.

"ரெண்டு சேர்வருக்கு யார் காசு கட்டுறது?" காசில்லை என்று தள்ளிப்போட்டதன் விலையை நாடே பார்த்தது. அரசாங்க மின்னஞ்சல் 2013ஆம் ஆண்டு எக்ஸ்சேஞ்ச் பதிப்பில் ஓடிக்கொண்டிருந்தது. 2021 இலேயே மாற்றத் திட்டமிருந்தும், நிதியில்லை, சபை முடிவு என்று இழுபட்டதாக ஐசிடிஏ நிறுவனமே சொன்னது. அந்தப் பதிப்புக்கான ஆதரவு 2023 ஏப்ரலில் முடிந்தது. ஓகஸ்டில் ரான்சம்வெயார் தாக்கியபோது பெக்கப்பும் சேர்ந்து பூட்டுப்பட்டது. ஏறத்தாழ 5,000 முகவரிகள், மே 17 தொடக்கம் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் போனது போனதுதான். இத்தனைக்கும் அந்தப் பதிப்பின் மேலேயே புதியதை ஏற்ற மைக்ரோசொஃப்டே விடுவதில்லை. புதுச் சேர்வரைப் பக்கத்தில் நிறுத்தி, அஞ்சல்பெட்டிகளை நகர்த்துவதுதான் அவர்கள் சொல்கிற வழி.

உங்கள் கழகம் கட்டவேண்டியது ஒரு மாத மேலதிக வாடகை. அதைக் கூட்டத்தில் கேளுங்கள், வெட்கப்படாமல்.