ஹீட்டர் வாங்குறது சரி, வீட்டுல எர்த் இருக்கா?



உங்க வேலை சென்னையிலயோ பெங்களூர்லயோ இருக்கு, சொந்த ஊர் பூதப்பாண்டின்னு வச்சுக்குவோம். ஐப்பசி மழை பிடிச்சதும் அம்மா போன்ல, "காலம்பற தண்ணி தொட முடியல மக்களே"ன்னு சொல்றாங்க. உடனே நீங்க ஒரு 15 லிட்டர் கீசரை இஎம்ஐயில போட்டு ஊர் அட்ரஸுக்கு அனுப்பிடுறீங்க. சிரட்டையும் கொதும்பும் வச்சு வெந்நீர் போட்ட வீட்டுக்குப் பட்டன் வந்தாச்சு. நல்ல விஷயம்தான்.

ஆனா என் கருத்தை நேரடியா சொல்லிடுறேன். ஹீட்டர்ல உண்மையான செலவு பெட்டி இல்ல, அதை மாட்டுற வேலை. அந்த வேலைக்கு பட்ஜெட் இல்லைன்னா, இந்த மாசம் ஹீட்டரே வாங்காதீங்க.

நாம எதைப் பார்த்து வாங்குறோம்? ஸ்டார். அந்த லேபிள் அளக்கிறது, சூடான தண்ணி டேங்குக்குள்ள சும்மா நிக்கும்போது ஒரு நாளைக்கு எவ்வளவு வெப்பத்தை இழக்குதுங்கிறதை. நாள் முழுக்க ஸ்விட்ச் போட்டே வைக்கிற வீட்டுக்கு இது பெரிய விஷயம். குளிச்சதும் அணைக்கிற வீட்டுக்கு வித்தியாசம் கொஞ்சம்தான்.

கணக்கைப் பாருங்க. 15 லிட்டர் தண்ணியை 25 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்கு ஏத்த ஏறக்குறைய அரை யூனிட் கரண்ட் போதும். 2,000 வாட் ஹீட்டருக்கு அது 16 நிமிஷ வேலை. அதோட அதே அளவு பச்சைத்தண்ணி கலந்தா, 40 டிகிரியில 30 லிட்டர் கிடைக்கும். வாளியில எடுத்து குளிக்கிற ரெண்டு பேருக்கு இது தாராளம். தினம் ஒரு தடவை சூடாக்கினா ரெண்டு மாச பில்லுல 30 யூனிட் கூடும், அவ்வளவுதான். 25 லிட்டர் தேவையில்லை.

அதே மாதிரிதான் '8 பார் பிரஷர் தாங்கும்'ங்கிற விளம்பரமும். 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார். மொட்டை மாடி டேங்கிலிருந்து தண்ணி இறங்குற தனி வீட்டுக்கு, பிரஷர் பம்ப் இல்லாத வரைக்கும், அந்த எண்ணுக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

இப்படி மிச்சமாகிற காசை எங்க போடணும்? வயரிங்ல.

பழைய ஓட்டு வீடுகள்ல பல இடத்துல எர்த் லைனே கிடையாது. சாக்கெட்ல மூணு ஓட்டை இருக்கும். மூணாவது ஓட்டைக்குப் பின்னாடி வயர் இருக்காது. எலிமென்ட்ல விரிசல் விட்டு கரண்ட் தண்ணியில இறங்கினா, அது வெளியேற ஒரே வழி குளிக்கிறவங்க உடம்புதான். எம்சிபி இருக்கேன்னு நினைக்காதீங்க. 16 ஆம்பியர் எம்சிபி வயரைக் காப்பாத்தத்தான். மனுஷ உயிரை எடுக்க அதுல நூத்துல ஒரு பங்குகூட வேண்டாம். அவ்வளவு சின்ன கசிவைப் பிடிக்கிறது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபிதான்.

அதனால லைசென்ஸ் உள்ள வயர்மேனை வரவழைச்சு முதல்ல இதையெல்லாம் முடிங்க: ஒழுங்கான எர்த், ஆர்சிசிபி, ஹீட்டருக்குன்னு தனி லைன், 16 ஆம்பியர் சாக்கெட். 2,000 வாட் ஹீட்டர் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். ஃபேனுக்குப் போட்ட வயர்ல ஒட்டுப்போட்டு இழுக்கிற வேலையே வேண்டாம்.

பிளம்பிங்லயும் மூணு விஷயம் சொல்லி வைங்க. வெந்நீர் லைனுக்கு சாதா பிவிசி கூடாது, சிபிவிசி வேணும். டேங்க் நிறைஞ்சு வெந்நீர் குழாய்ல தண்ணி வந்த பிறகுதான் முதல் தடவை ஸ்விட்ச் போடணும். இல்லேன்னா எலிமென்ட் காய்ஞ்சு எரிஞ்சிடும். சேஃப்டி வால்வுல சூடாகும்போது ரெண்டு சொட்டு விழுந்தா அது அதோட வேலையைச் செய்யுதுன்னு அர்த்தம். சொட்டுதேன்னு யாராவது அடைச்சு வச்சா, உள்ளே ஏறுற அழுத்தத்துக்கு வழியில்லாம போயிடும். இதை அம்மா அப்பாகிட்ட கட்டாயம் சொல்லுங்க.

அடுத்தது ரிப்பேர். "பழசாயிட்டு, புதுசு வாங்கிருங்க"ன்னு சொல்றது ரொம்ப சுலபம். தண்ணி சூடாகலைன்னா பெரும்பாலும் எலிமென்ட், தெர்மோஸ்டாட், இல்ல கட்-அவுட். மூணும் மாத்தக்கூடிய பாகங்கள். டேங்கே ஓட்டையாகிக் கசிஞ்சா மட்டும் யோசிக்காம மாத்துங்க. வெல்டிங் வச்சு ஒப்பேத்த வேண்டாம். நடுவுல குழப்பம் வந்தா என்னோட விதி இதுதான்: வாரன்டி முடிஞ்சிருந்து, ரிப்பேர் செலவு புது ஹீட்டர் விலையில பாதியைத் தாண்டினா புதுசு. அதுக்குக் கீழன்னா ரிப்பேர்.

டேங்க் சீக்கிரம் ஓட்டையாகாம பார்த்துக்க ஒரு வழி இருக்கு. கண்ணாடிப் பூச்சு உள்ள இரும்பு டேங்குக்குள்ள மெக்னீசியத்துல ஒரு ஆனோட் கம்பி இருக்கும். டேங்குக்குப் பதிலா தான் அரிச்சுப் போறதுதான் அதோட வேலை. அது தீர்ந்துட்டா அடுத்து அரிக்கிறது டேங்கைத்தான். போர் தண்ணி பிடிக்கிற வீட்டுல குழாய் நுனியில வெள்ளையா படிஞ்சா, எலிமென்ட்லயும் அது படியுதுன்னு அர்த்தம். வருஷம் ஒரு தடவை கம்பியைப் பார்த்து, உள்ளே படிஞ்சதைச் சுத்தம் பண்ணச் சொல்லுங்க.

8,000 ரூபாய் ஹீட்டர் 4 வருஷத்துல போனா வருஷத்துக்கு 2,000. அதே ஹீட்டர் 10 வருஷம் ஓடினா 800. சர்வீஸுக்குக் கொஞ்சம் செலவானாலும் லாபம் உங்களுக்குத்தான்.

நாகர்கோவில் கடையில வாங்கினாலும் ஆன்லைன்ல வாங்கினாலும் பில்லையும் வாரன்டி கார்டையும் போட்டோ எடுத்து வைங்க. டேங்குக்கு ஒரு காலம், எலிமென்ட்டுக்கு ஒரு காலம்னு வாரன்டி தனித்தனியா இருக்கும். 'ஃப்ரீ இன்ஸ்டலேஷன்'ல குழாயும் வால்வும் சேருமான்னு வாங்குறதுக்கு முன்னாடியே கேளுங்க.

இந்த வாரம் ஊருக்குப் போன் போடும்போது ஹீட்டர் மாடலைப் பத்திப் பேச வேண்டாம். "வீட்டுல எர்த் இருக்கா, ஆர்சிசிபி இருக்கா"ன்னு மட்டும் கேளுங்க. பதில் தெரியலைன்னா, உங்க முதல் செலவு வயர்மேனுக்குத்தான்.